கிட்னி பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்: எங்க இருக்கு, உள்ள என்ன இருக்கு, அப்படி என்னதான் பண்ணுது

கிட்னின்னா ரத்தத்துல இருக்குற அழுக்க வடிகட்டி யூரினா வெளிய அனுப்புறதுன்னு ஸ்கூல்ல படிச்சதோட நம்மள்ல பல பேரு நின்னுடுறோம். தப்பில்ல, ஆனா அது பாதி கதை கூட கிடையாது. வடிகட்டுறது ஆரம்ப வேலைதான், வடிகட்டி எடுத்த தண்ணில 99 சதவீதத்த திரும்ப ரத்தத்துக்கே குடுக்குறதுலதான் கிட்னியோட மொத்த சாமர்த்தியமும் இருக்கு. இத மனசுல வச்சுக்கிட்டு படிங்க, கீழ வர்ற முக்காவாசி பதில் அங்கதான் போய் நிக்கும்.

கிட்னி சரியா எங்க இருக்கு? இடுப்புல கை வச்சு நிக்கிறோமே, அந்த இடமா?

அதுக்கும் மேல. முதுகுப் பக்கம், முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும், கடைசி ரெண்டு விலா எலும்பு (11, 12) பாதி மறைச்சிருக்குற இடத்துல இருக்கு. வயித்துக்குள்ள குடல், இரைப்பை எல்லாத்தையும் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும்ல, அதுக்கும் பின்னாடி, முதுகுத் தசைய ஒட்டி. அதனாலதான் கிட்னில ப்ராப்ளம்னா வலி முன்னாடி வயித்துல வர்றதவிட விலாவுக்கு கீழ பின்பக்கமா வருது, டாக்டரும் அங்கதான் தட்டிப் பாக்குறாரு.

வலது கிட்னி இடதவிட கொஞ்சம் கீழ இருக்கும், மேல கல்லீரல் இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கறதால. ஸ்கேன் ரிப்போர்ட்ல இத பாத்துட்டு பயப்பட வேண்டாம். அப்புறம் அது ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறதும் இல்ல, மூச்ச இழுத்தா ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ இறங்கும், விட்டா மேல ஏறும். சுத்தி கொழுப்பு ஒரு படலமா இருந்து தாங்கிப் பிடிக்குது. உடம்புல கொழுப்பே ஆகாதுன்னு நினைக்கிறவங்களுக்காக இத சொல்லி வைக்கிறேன்.

எவ்ளோ பெருசு இருக்கும்?

பெரியவங்களுக்கு நீளம் 10ல இருந்து 12 சென்டிமீட்டர், அகலம் 5ல இருந்து 7, தடிமன் ஒரு 3. எடை ஒவ்வொண்ணும் 120ல இருந்து 170 கிராம். ரெண்டையும் சேத்தாலும் உடம்பு எடைல அரை சதவீதம் வராது, ஆனா இதயம் நிமிஷத்துக்கு பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல இதுக்குத்தான் போகுது, அதாவது நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல. இவ்ளோ சின்ன உறுப்புக்கு இவ்ளோ ரத்தம் அது சாப்பிடறதுக்காக இல்ல, வேலை பாக்குறதுக்காக.

கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒண்ணு இருக்கே, அதுவும் கிட்னிதானா?

இல்ல, அது அட்ரினல் சுரப்பி. பக்கத்துல இருக்கறதோட சரி, பிறவியே வேற. கருவுல கிட்னி உருவாகுறது கீழ இடுப்புக்குழில, அங்க இருந்து மெதுவா மேல ஏறி வந்து இடத்துல உக்காரும். சில பேருக்கு ஏறாம கீழயே நின்னுடும், அப்பவும் அட்ரினல் பாட்டுக்கு மேல அதோட இடத்துலதான் இருக்கும். ஏறி வர்றப்ப ரெண்டு கிட்னியோட கீழ்முனையும் ஒட்டிக்கிட்டு லாடம் மாதிரி ஆயிடறதும் உண்டு, சுமார் 500 பேர்ல ஒருத்தருக்கு இப்படி இருக்கும், பல பேருக்கு வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்குறப்பதான் தெரியவே வரும்.

கிட்னிய நீளவாக்குல வெட்டிப் பாத்தா உள்ள என்ன தெரியும்?

வெளிய ஒரு மெல்லிய உறை. அதுக்குள்ள ஓரமா வெளிர் நிறத்துல புறணி, அதுக்கும் உள்ள கொஞ்சம் இருட்டா கோடு கோடா அகணி. அகணி ஒரே துண்டா இருக்காது, கூம்பு கூம்பா பிரிஞ்சிருக்கும், ஒரு கிட்னில எட்டுல இருந்து பதினெட்டு வரைக்கும் இருக்கலாம். ஒவ்வொரு கூம்போட நுனிலயும் யூரின் சொட்டுற துளைகள் இருக்கு. அத ஏந்துறதுக்கு சின்ன கிண்ணங்கள், அதுல சிலது சேந்து பெரிய கிண்ணம், அதெல்லாம் சேந்து நடுவுல ஒரு புனல். அந்தப் புனல்தான் குறுகி யூரிட்டர்ங்கிற குழாயா கீழ இறங்குது. 25ல இருந்து 30 சென்டிமீட்டர் நீளம், உள்விட்டம் சில மில்லிமீட்டர்தான்.

யூரிட்டர்ல யூரின் வெறும்ன தானா வழிஞ்சு இறங்கறது இல்ல. சுவர்ல இருக்குற தசை அலை அலையா சுருங்கி கீழ தள்ளுது, படுத்திருந்தாலும் சரி, தலைகீழா நின்னாலும் சரி அது பாட்டுக்கு போகும். கிட்னியோட உள்பக்கமா குழிஞ்ச இடம் ஒண்ணு இருக்குல்ல, அது வழியாதான் ரத்தக்குழாய், நரம்பு, யூரிட்டர் எல்லாமே போயிட்டு வருது.

நெஃப்ரான் நெஃப்ரான்னு சொல்றாங்களே, அது என்ன?

வேலைய உண்மைல செய்யறது அதுதான். ஒரு கிட்னில சராசரியா 10 லட்சம் நெஃப்ரான் இருக்கும், ஆனா ஆளுக்கு ஆள் பயங்கர வித்தியாசம், ரெண்டு மூணு லட்சத்தோட பொறக்குறவங்களும் உண்டு, 20 லட்சத்துக்கு மேல இருக்கறவங்களும் உண்டு. ஒவ்வொரு நெஃப்ரானுக்கும் ரெண்டு பாகம். ஒண்ணு, குளோமருலஸ்னு ஒரு தந்துகி (ரொம்ப மெல்லிய ரத்தக்குழாய்) முடிச்சும் அத சுத்தி ஒரு கிண்ணமும், ரெண்டாவது, அந்தக் கிண்ணத்துல இருந்து கிளம்பி வளைஞ்சு நெளிஞ்சு போற ஒரு மெல்லிய குழாய்.

இந்த முடிச்ச முதல்ல விவரிச்சு எழுதினவரு இத்தாலிக்காரர் மார்செல்லோ மால்பீகி, 1666ல. அது சுத்தி இருக்குற கிண்ணத்தோடயும் குழாயோடயும் எப்படி சேந்திருக்குன்னு 1842ல இங்கிலாந்துல வில்லியம் போமன் காட்டினாரு, அதான் போமன் கிண்ணம்னு பேரு. 1862ல ஜெர்மன்காரர் யாக்கோப் ஹென்லே குழாயோட ஒரு பகுதி ஹேர்பின் மாதிரி அகணிக்குள்ள இறங்கி திரும்ப மேல ஏறுதுன்னு எழுதினாரு. பாத்தாச்சு, பேரும் வச்சாச்சு, ஆனா அந்த வளைவு எதுக்குன்னு புரியறதுக்கு இருபதாம் நூற்றாண்டு நடுவாக்குல வரைக்கும் ஆச்சு.

சரி, வடிகட்டுறது எப்படி நடக்குது?

பிரஷரால. மத்த இடத்துல தந்துகிக்குள்ள ரத்தம் ஒரு சின்ன தமனி வழியா வந்து சிரை வழியா வெளிய போகும். குளோமருலஸ்ல மட்டும் உள்ள வர்றதும் தமனி, வெளிய போறதும் தமனி. ரெண்டு பக்கமும் சுருங்கவும் விரியவும் முடியற குழாய் இருக்கறதால உள்ள இருக்குற பிரஷர கிட்னியே அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியும். அது சுமார் 50-60 மில்லிமீட்டர் மெர்குரி, மத்த தந்துகிங்கள்ல இருக்கறதவிட ரொம்ப ஜாஸ்தி. வெளிய உங்க பிபி கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ள இத பெருசா மாறாம பாத்துக்குது.

அந்த பிரஷர்ல தண்ணி, உப்பு, குளுக்கோஸ், யூரியா மாதிரி சின்ன சின்ன மூலக்கூறு எல்லாம் வெளிய தள்ளப்படும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளயே நின்னுடும், ஏன்னா தடுப்பு மூணு அடுக்கு. முதல்ல தந்துகிச் சுவர்ல இருக்குற ஓட்டைகள், அடுத்து ஒரு அடித்தளச் சவ்வு, கடைசியா போடோசைட்னு கால் விரிச்ச மாதிரி இருக்குற செல்கள், அதோட காலுக்கு நடுவுல இருக்குற இடுக்கு. அளவு மட்டும் பாத்து விடறதில்ல, சவ்வுல நெகட்டிவ் சார்ஜும் இருக்கு, ஆல்புமின்கிற புரதத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ், அதனால அது தள்ளி விடப்படுது.

ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுதுன்னு எங்கயோ படிச்சேன், பொய்தானே? நான் ரெண்டு லிட்டர் கூட போறதில்லையே?

பொய் இல்ல. நிமிஷத்துக்கு சுமார் 125 மில்லி, கணக்கு போட்டுப் பாருங்க, 24 மணி நேரத்துக்கு 180 லிட்டர் வரும். உடம்புல இருக்குற பிளாஸ்மாவே மொத்தம் மூணு லிட்டர்தான், அப்போ அதே மூணு லிட்டர் ஒரு நாளைக்கு 60 தடவை வடிகட்டப்படுது. திரும்ப எடுக்காம விட்டா அரை மணி நேரத்துக்குள்ள ஆள் காலி.

பரண சுத்தம் பண்றப்ப எல்லாத்தையும் கீழ இறக்கிப் போட்டுட்டு வேணும்கிறத மட்டும் திரும்ப மேல ஏத்துவோம்ல, கிட்னியோட வழி அதுதான். இது வேண்டாத பொருள்னு ஒண்ணு ஒண்ணா தேடிப் பிடிக்கணும்னா ஒவ்வொரு கழிவுக்கும் தனித்தனியா ஒரு ஏற்பாடு வேணும், உடம்பு இதுவரைக்கும் பாக்காத ஒரு பொருள் உள்ள வந்தா என்ன பண்றது? எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு, தெரிஞ்சத, தேவையானத மட்டும் திரும்ப எடுத்துக்கிட்டா, தெரியாதது தானா வெளிய போயிடும். எனக்கு கிட்னில ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

அளவு எவ்ளோன்னு பாத்தா தலை சுத்தும். ஒரு நாளைக்கு வடிகட்டப்படுற சோடியத்த சாப்பாட்டு உப்பு கணக்குல சொன்னா கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ வருது, வெளிய போறது சில கிராம்தான். குளுக்கோஸ் 180 கிராம் அளவுக்கு வடியுது, நார்மலா இருக்கறவங்களுக்கு ஒட்டுமொத்தமா திரும்பி வந்துடுது. உடம்பு எடுத்துக்குற ஆக்சிஜன்ல 7ல இருந்து 10 சதவீதம் கிட்னிக்கு செலவாகுது, அதுல பெரும்பங்கு வடிகட்டுறதுக்கு இல்ல (அது இதயம் குடுக்குற பிரஷர்ல ஃப்ரீயா நடக்குது), இந்த சோடியத்த திரும்ப இழுக்குறதுக்குத்தான்.

அந்தக் குழாய்க்குள்ள எங்க எங்க என்ன நடக்குது?

முதல் வளைவுலதான் பெரிய வேட்டை. தண்ணி, சோடியம் ரெண்டுலயும் மூணுல ரெண்டு பங்கு இங்கயே திரும்பிடும், குளுக்கோஸ், அமினோ அமிலம் கிட்டத்தட்ட முழுசா. இங்க இருக்குற செல்கள்ல, குழாயோட உள்பக்கத்த பாத்திருக்குற பரப்பு முழுக்க நுண்ணிய நீட்சிகள், பரப்பளவு பல மடங்கு ஆகறதுக்காக.

அடுத்தது ஹென்லே வளைவு, இதுதான் மூளைய வச்சு செஞ்ச மாதிரி இருக்கும். கீழ இறங்குற பக்கம் தண்ணிய விடும், உப்ப விடாது. மேல ஏறுற பக்கம் உப்ப வெளிய பம்ப் பண்ணும், தண்ணிய விடவே விடாது. ரெண்டும் எதிரெதிரா பக்கத்து பக்கத்துல ஓடுறதால அகணிக்குள்ள ஆழமா போகப் போக உப்புத்தன்மை ஏறிக்கிட்டே போகுது, ரத்தத்துல 300 அளவுன்னா அகணியோட அடில 1200 வரைக்கும், நாலு மடங்கு. இப்போதைக்கு யூரின் கெட்டியாகல, ஆனா கெட்டியாக்குறதுக்கான உப்புச் சூழல் ரெடி. கால் வீக்கத்துக்கு குடுக்குற ஃப்யூரோசமைட் மாத்திரை இந்த ஏறுற பக்கத்து பம்பத்தான் நிறுத்துது, அதனாலதான் போட்ட கொஞ்ச நேரத்துல பாத்ரூமுக்கும் படுக்கைக்கும் நடையா நடக்க வேண்டி இருக்கு.

அதத் தாண்டி ரெண்டாவது வளைவு, அங்க நுணுக்கமான சரிகட்டல், கால்சியம் எவ்ளோ வேணும்கிறது இங்க முடிவாகுது. கடைசில சேகரிப்புக் குழாய். இது அந்த உப்பு மிகுந்த அகணி வழியாவே கீழ இறங்குது, இங்கதான் கடைசி முடிவு.

தண்ணி கம்மியா குடிச்சா யூரின் கெட்டியா போகுதே, கிட்னிக்கு எப்படி தெரியுது?

கிட்னிக்கு தெரியறதில்ல, மூளைக்கு தெரியுது. ரத்தம் கொஞ்சம் கெட்டியானா மூளைல இருக்குற சென்சார் அத கண்டுபிடிச்சு ரெண்டு வேலை பண்ணும், தாகத்த கிளப்பும், ஏடிஎச்னு ஒரு ஹார்மோன ரத்தத்துல விடும். அது வந்து சேகரிப்புக் குழாயோட செல்கள்ல அக்வாபோரின்னு தண்ணிக் கதவுகள பதிக்கும். கதவு இருந்தா தண்ணி குழாய விட்டு உப்பான அகணிப் பக்கம் தானா இழுக்கப்பட்டு ரத்தத்துக்கு போயிடும், மிச்சம் கெட்டியான யூரின். ஹார்மோன் இல்லன்னா கதவு மூடிக்கும், யூரின் தண்ணி மாதிரி நிறைய போகும். அக்வாபோரின கண்டுபிடிச்ச பீட்டர் ஏக்ருக்கு 2003ல வேதியியல் நோபல் குடுத்தாங்க.

மது குடிச்சா அடிக்கடி யூரின் வர்றதும் காலைல நாக்கு வறண்டு போறதும் இதே ஹார்மோன் அடங்கிப் போறதாலதான். குளிர்ல யூரின் ஜாஸ்தி வர்றது, தோல்ல இருக்குற ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் உடம்போட நடுப்பகுதிக்கு வந்துடுது, உடம்பு ரத்தம் ஜாஸ்தியா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு தண்ணிய வெளிய விடுது. ராத்திரி ஆறேழு மணி நேரம் எந்திரிக்காம தூங்க முடியறதும் இந்த ஹார்மோன் தூக்கத்துல கொஞ்சம் கூடுறதால, வயசான பிறகு அந்த ஏற்றம் குறையறது எந்திரிக்க வேண்டி வர்றதுக்கு ஒரு காரணம் (ஆம்பளைங்களுக்கு ப்ராஸ்டேட்டும் சேந்துக்கும்).

கடல் தண்ணி ஏன் குடிக்கக் கூடாதுன்னும் இங்கயே சொல்லிடலாம். அதுல இருக்குற உப்ப வெளிய தள்ள நம்ம கிட்னிக்கு குடிச்சதவிட அதிகமா தண்ணி வேணும், ஆக ஒவ்வொரு டம்ளருக்கும் உள்ள இருக்குற தண்ணியும் கரைஞ்சுக்கிட்டே போகும்.

யூரின் ஏன் மஞ்சளா இருக்கு?

பழைய சிவப்பணு உடையறப்ப ஹீமோகுளோபின் பிலிரூபினா மாறி குடலுக்கு போகுது, அங்க இருக்குற பாக்டீரியா அத இன்னொண்ணா மாத்த, அதுல கொஞ்சம் ரத்தத்துக்கு வந்து யூரோபிலின்கிற மஞ்ச நிறமா யூரின்ல வருது. அந்த பாக்டீரியா எந்த என்சைம வச்சு இத பண்ணுதுன்னு 2024லதான் கண்டுபிடிச்சாங்கன்னா பாத்துக்கோங்க. வெளிர் மஞ்சள் நல்லது, டீ கலர், சிவப்புன்னா டாக்டர பாக்கணும், பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டா வர்ற பளீர் மஞ்சளுக்கு பயப்பட வேண்டாம்.

பிபிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டையும் எப்பவும் சேத்தே சொல்றாங்க?

ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுக்கும், அதான். உடம்புல ரத்தம் எவ்ளோ கன அளவு இருக்கணும்னு நீண்ட காலத்துக்கு முடிவு பண்றது கிட்னி. குளோமருலஸுக்கு ரத்தம் கொண்டு வர்ற தமனியோட சுவர்ல விசேஷமான செல்கள் இருக்கு, பிரஷர் கம்மியானாலோ குழாய்ல உப்பு கம்மியா வந்தாலோ ரெனின்கிற பொருள விடும். கல்லீரல் தயாரிச்சு ரத்தத்துல விட்டிருக்குற ஒரு புரதத்த ரெனின் வெட்ட, அத நுரையீரல்ல இருக்குற ஏசிஈ என்சைம் மறுபடி வெட்ட, ஆஞ்சியோடென்சின் 2 வருது. இது ரத்தக்குழாய சுருக்கும், அட்ரினல தூண்டி ஆல்டோஸ்டீரோன் விட வைக்கும், அது கிட்னிகிட்ட சோடியத்த பிடிச்சு வைன்னு சொல்லும், சோடியம் பின்னாடியே தண்ணி வரும், பிபி ஏறும்.

ரத்தம் போயி உயிருக்கு ஆபத்துன்னா இது காப்பாத்துற ஏற்பாடு. ஆனா கிட்னிக்கு போற தமனி அடைச்சிருந்தா, உடம்பு முழுக்க பிபி எகிறிக்கிட்டு இருந்தாலும் கிட்னி மட்டும் நமக்கு ரத்தம் பத்தலன்னு ரெனின விட்டுக்கிட்டே இருக்கும். இன்னொரு பக்கம் பல வருஷம் கட்டுப்படாத பிபி கிட்னியோட சின்ன தமனிகள தடிக்க வச்சு நெஃப்ரான ஒண்ணொண்ணா சாகடிக்கும், அதனால பிபி இன்னும் ஏறும். பிபி மாத்திரைகள்ல 'பிரில்'னு முடியறது ஏசிஈய தடுக்குறது, 'சார்ட்டான்'னு முடியறது ஆஞ்சியோடென்சின் 2 வேலை செய்யற இடத்த தடுக்குறது. இதுங்க குளோமருலஸ்ல இருந்து வெளிய போற தமனிய விரிச்சு உள்ள பிரஷர குறைக்குறதால கிட்னிக்கும் பாதுகாப்பு.

கிட்னி நோயாளிங்களுக்கு ஏன் ரத்தசோகை வருது?

சிவப்பணு உருவாகுறது எலும்பு மஜ்ஜைல, ஆனா உருவாக்குன்னு ஆர்டர் போடறது எரித்ரோபொயட்டின்கிற ஹார்மோன், அதோட பெரும்பகுதி கிட்னில இருந்துதான் வருது. ஆக்சிஜன் குறைஞ்சா கிட்னி அத கண்டுபிடிச்சு ஹார்மோன கூட்டும். செல்கள் ஆக்சிஜன எப்படி உணருதுங்கிற ஆராய்ச்சிக்கு 2019ல கேலின், ராட்க்ளிஃப், செமன்சா மூணு பேருக்கும் மருத்துவ நோபல் கிடைச்சது, அந்தக் கதையோட நூல் இந்த ஹார்மோன்லதான் ஆரம்பிச்சது. கிட்னி கெட்டா ஆர்டர் குறையும், இரும்புச்சத்து மாத்திரை மட்டும் போட்டா போதாது, அந்த ஹார்மோனயே ஊசியா போட வேண்டி வரும்.

எலும்பும் அப்படித்தான். வைட்டமின் டி வெயில்ல இருந்து வந்தாலும் மாத்திரைல வந்தாலும் கல்லீரல்ல ஒரு தடவ, கிட்னில ஒரு தடவ மாத்தப்பட்டாதான் முழுசா வேலை செய்யும். கிட்னி அந்தக் கடைசி ஸ்டெப்ப பண்ணலன்னா கால்சியம் உள்ள ஏறாது, பாஸ்பேட் வெளிய போகாது, எலும்பு பலவீனமாகும்.

அமிலத்த கூட கிட்னிதான் பாத்துக்குதாமே?

ஆமா. கார்பன் டை ஆக்சைடா மாறக்கூடிய அமிலம் மூச்சோட போயிடும். புரதம் உடையறதால வர்ற, மூச்சுல போக முடியாத அமிலத்துக்கு கிட்னி ஒண்ணுதான் வழி. ரத்தத்தோட பிஎச் 7.35க்கும் 7.45க்கும் நடுவுல நிக்கணும், ஆனா யூரின் 4.5ல இருந்து 8 வரைக்கும் எங்க வேணா போகலாம். ரத்தம் ஆடாம இருக்கணும்னா யூரின் ஆடித்தான் ஆகணும்.

சுகர் இருந்தா ஏன் கிட்னி போகுது?

ரத்தத்துல குளுக்கோஸ் சுமார் 180 தாண்டினா திரும்ப எடுக்குற பம்புக்கு கை பத்தாம போயி யூரின்ல சர்க்கரை கசியும், தண்ணியையும் கூட இழுத்துக்கிட்டு போகும். அடிக்கடி யூரின், அடங்காத தாகம் வர்றது இதனாலதான். ஆனா கிட்னிய கெடுக்கறது வேற. சர்க்கரை ஜாஸ்தியா வடியறப்ப முதல் வளைவு குளுக்கோஸோட சேத்து சோடியத்தையும் ஜாஸ்தியா இழுத்துக்குது, பின்னாடி இருக்குற சென்சார்கிட்ட உப்பு கம்மியா போய் சேருது, வடிகட்டுறது கம்மியா இருக்குன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டு அது உள்ள வர்ற தமனிய திறந்து விடுது. ஆரம்பத்துல கிட்னி வழக்கத்தவிட ஜாஸ்தியா வடிகட்டும், டெஸ்ட்ல சூப்பரா தெரியும், உள்ள குளோமருலஸ் அதிக பிரஷர்ல தேய்ஞ்சுக்கிட்டு இருக்கும். அப்புறம் ஆல்புமின் கசியும், அதுக்கப்புறம்தான் க்ரியேட்டினின் (ரத்தத்துல அளக்குற ஒரு கழிவு) ஏறும். 'கிளிஃப்ளோசின்'னு முடியற மாத்திரைங்க இந்த குளுக்கோஸ் பம்ப தடுக்குறது, சுகருக்காக வந்துது, இப்போ சுகர் இல்லாத கிட்னி நோயாளிங்களுக்கும் குடுக்குறாங்க, காரணம் மேல சொன்ன அந்த சென்சார் சரியாகி உள்பிரஷர் குறையறதுதான்.

க்ரியேட்டினின் நார்மல்னு வந்துருக்கு, அப்போ கவலை இல்லையே?

அவசரப்படாதீங்க. க்ரியேட்டினின் தசைல இருந்து தினம் ஒரே அளவு வர்ற கழிவு. கிட்னி வேலை பாதியானா அது ரெட்டிப்பாகும். உங்களுக்கு வழக்கமா 0.6 இருந்து இப்போ 1.2னு வந்தா லேப் ரிப்போர்ட்ல நார்மல்னுதான் போட்டிருக்கும், ஆனா பாதி வேலை போயிருக்கலாம். அதுவும் ஒல்லியா, வயசானவங்களா இருந்தா தசையே கம்மி, நம்பர் நல்லாவே தெரிஞ்சு ஏமாத்தும். அதனால வயசு, ஆணா பெண்ணான்னு சேத்து கணக்குப் போட்ட ஈஜிஎஃப்ஆர் (கிட்னி நிமிஷத்துக்கு எவ்ளோ வடிகட்டுதுங்கிற மதிப்பீடு) பாருங்க, பழைய ரிப்போர்ட்ட தூக்கிப் போடாம பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. கூடவே யூரின்ல ஆல்புமின்-க்ரியேட்டினின் விகிதம், 30க்கு மேலன்னா கவனிக்கணும். ஈஜிஎஃப்ஆர் 60க்கு கீழ அல்லது ஆல்புமின் கசிவு, ரெண்டுல ஒண்ணு மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாதான் நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்வாங்க, ஒரே ஒரு டெஸ்ட வச்சு இல்ல.

யூரின்ல நுரை வருது, புரதம் போகுதா?

வேகமா விழுந்தா நுரைக்கத்தான் செய்யும். கொஞ்ச நேரத்துல அடங்கலன்னா, தினமும் அப்படி இருந்தா, முகமோ காலோ வீங்கினா, மேல சொன்ன யூரின் டெஸ்ட் பண்ணிடுங்க. நுரைய பாத்து முடிவு பண்றது வேலைக்கு ஆகாது.

ஒரு கிட்னியோட வாழ முடியுமா?

தாராளமா. சுமார் ஆயிரம் குழந்தைல ஒண்ணு ஒத்தக் கிட்னியோடதான் பொறக்குது. ஒண்ண தானம் குடுத்தா மிச்சம் இருக்கறது பாதியோட நிக்காது, கொஞ்சம் பெருசாகி முன்ன ரெண்டும் சேந்து செஞ்சதுல 70 சதவீதம் வரைக்கும் செய்யும். புது நெஃப்ரான் வர்றதில்ல, இருக்கறதே பெருசாகுது. தானத்துக்கு பெரும்பாலும் இடது கிட்னிய எடுப்பாங்க, அதோட சிரை நீளமா இருக்கறதால தைக்க சுலபம்.

அப்போ செத்துப் போன நெஃப்ரான் திரும்ப வளராதா?

வளராது. கருவுல 36 வாரத்தோட நெஃப்ரான் உருவாகுறது முடிஞ்சிடும், குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்கு எண்ணிக்கை கம்மியா இருக்கறதுக்கு அதான் காரணம். ஒரு ஆச்சரியம், கருவுல கிட்னிக்கு கழிவு நீக்குற வேலையே இல்ல, அத அம்மாவோட நஞ்சுக்கொடி பாத்துக்குது, ஆனாலும் பத்தாவது வாரம் வாக்குல யூரின் ஆரம்பிச்சுடும். பிற்பாதில குழந்தைய சுத்தி இருக்குற பனிக்குட நீர் பெரும்பாலும் அதோட யூரின்தான், அத அதுவே விழுங்கவும் செய்யும், நுரையீரல் வளர அந்த நீர் கட்டாயம் வேணும். 40 வயசுக்கு மேல வடிகட்டுற வேகம் வருஷத்துக்கு சுமார் ஒரு மில்லி குறையும், இது பெரும்பாலானவங்களுக்கு நடக்குறது. குழாயோட செல்கள் மட்டும் அடிபட்டா ஓரளவுக்கு திரும்ப முளைக்கும், அதனாலதான் திடீர்னு செயலிழந்த கிட்னி சில வாரத்துல தேறி வர முடியுது.

ஸ்டோன் வலி ஏன் அப்படி உயிர் போகுது?

கல் கிட்னிக்குள்ள சும்மா இருக்கறவரைக்கும் பெரும்பாலும் வலிக்காது, கிட்னியோட சதைக்கு வலி தெரியாது, வெளி உறை விரிஞ்சாதான் தெரியும். யூரிட்டர்ல இறங்கி மாட்டினாதான் ஆட்டம். புனல் முடியற இடம், இடுப்புல பெரிய ரத்தக்குழாய தாண்டுற இடம், மூத்திரப்பைக்குள்ள நுழையற இடம், இந்த மூணும் குறுகல். கல்ல தள்ள தசை முறுக்கி முறுக்கி சுருங்குது, மேல யூரின் தேங்கி உறைய விரிக்குது, அதான் அலை அலையா வலி விலாவுல ஆரம்பிச்சு தொடை இடுக்கு வரைக்கும் ஓடுது. 5 மில்லிமீட்டருக்கு உள்ள இருந்தா பெரும்பாலும் தானா வெளிய வந்துடும். வலியோட காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தா காத்திருக்காதீங்க, அடைப்புக்கு மேல இன்ஃபெக்ஷன்னா அது எமர்ஜென்சி.

நிறைய தண்ணி குடிச்சா கிட்னி க்ளீன் ஆகுமா?

ஸ்டோன் வந்தவங்க தினம் ரெண்டரை லிட்டர் யூரின் வர்ற அளவுக்கு குடிக்கணும், அதுல சந்தேகமே இல்ல. மத்தவங்க தாகத்துக்கு குடிச்சா போதும், வெயில்ல வேலைன்னா கூடுதலா. கழிவ வெளியேத்த கிட்னிக்கு குறைஞ்சபட்சம் அரை லிட்டர் யூரின் போதும், மிச்சமெல்லாம் நீங்க குடிச்ச உபரி. மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல விடாம குடிச்சா வெளிய விட முடியாம சோடியம் குறைஞ்சு மயக்கம் வரைக்கும் போகும். கிட்னி டீடாக்ஸ்னு பவுடர் விக்கிறவங்க பேச்ச கேக்காதீங்க, கழிவ வெளியேத்துறதே அதோட வேலை, அத வெளிய இருந்து கழுவ ஒரு வழியும் இல்ல. கிட்னி செயலிழந்தவங்களுக்கு நிறைய தண்ணியே ஆபத்து, அவங்களுக்கு டாக்டர் சொல்ற அளவுதான்.

பெயின் கில்லர் கிட்னிய கெடுக்குமா?

உள்ள வர்ற தமனிய திறந்து வைக்கிறது ப்ராஸ்டாகிளாண்டின்கிற பொருள், ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைய சேந்த மாத்திரைங்க அத தடுக்குது. நல்லா இருக்குற ஆளு ரெண்டு நாள் போட்டா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. வாந்தி பேதில தண்ணி வத்திப் போனவங்க, வயசானவங்க, பிபிக்கு மேல சொன்ன மாத்திரையோட தண்ணி மாத்திரையும் (யூரின ஜாஸ்தியா போக வைக்கிறது) சேத்து போடறவங்க, இவங்க போட்டா ஒரே வாரத்துல கிட்னி படுத்துடலாம். மூட்டு வலிக்கு வருஷக்கணக்கா கடைல வாங்கி முழுங்குறவங்க க்ரியேட்டினின் ஒரு தடவையாவது பாத்துடுங்க.

டயாலிசிஸ் பண்ணா கிட்னி செய்யற எல்லாத்தையும் செஞ்சுடுமா?

இல்ல. வழக்கமா வாரத்துக்கு மூணு தடவ, நாலு மணி நேரம், மொத்தம் 12 மணி நேரம், கிட்னியோ 168 மணி நேரமும் வேலை பாக்குது. மெஷின் யூரியா, பொட்டாசியம், உபரித் தண்ணிய எடுக்கும், ஹார்மோன் தயாரிக்காது, அதனாலதான் ஊசியும் மாத்திரையும் கூடவே. ஆனா இது இல்லாத காலத்துல கிட்னி முழுசா போனா சாவுதான். நெதர்லாந்துல கம்பன் ஊர்ல வில்லெம் கோல்ஃப் 1943ல, போர் நடந்துக்கிட்டு இருக்கறப்ப, சாசேஜுக்கு உறையா போடற செல்லோஃபேன் குழாய வச்சு மெஷின் செஞ்சாரு. முதல்ல பாத்த நோயாளிங்க கிட்டத்தட்ட எல்லாருமே இறந்துட்டாங்க, 1945லதான் ஒரு அம்மா பிழைச்சு எந்திரிச்சாங்க.

கிட்னி மாத்துறப்ப பழச எடுத்துட்டு அதே இடத்துல புதுச வைப்பாங்களா?

பெரும்பாலும் இல்ல. பழசு ரெண்டும் அங்கயே இருக்கும், புதுச அடிவயித்துல ஒரு பக்கமா, இடுப்பெலும்பு ஓரத்துல வச்சு காலுக்கு போற பெரிய ரத்தக்குழாயோட இணைப்பாங்க, மூத்திரப்பையும் பக்கத்துலயே இருக்கறதால யூரிட்டர் நீளமா வேண்டியதில்ல. 1954 டிசம்பர் 23 அன்னைக்கு பாஸ்டன்ல ஜோசஃப் மர்ரி குழு ஒரே கருவுல பிரிஞ்ச இரட்டைச் சகோதரர்களுக்கு நடுவுல இத வெற்றிகரமா செஞ்சது, 1990ல மர்ரிக்கு நோபல் கிடைச்சது. அந்த ரெண்டு பேருக்கும் மரபணு ஒண்ணுங்கறதால உடம்பு புது கிட்னிய எதிர்க்கல, மத்தவங்க எதிர்ப்ப அடக்குற மாத்திரைய அந்த கிட்னி வேலை செய்யற வரைக்கும் தினமும், நேரம் தவறாம போடணும். புதுசு தோலுக்கு பக்கத்துலயே இருக்கறதால கையால தொட்டே பாக்கலாம், ஸ்கேன், பயாப்ஸி எடுக்கவும் டாக்டருக்கு ரொம்ப சுலபம். பல பேருக்கு ஆபரேஷன் டேபிள்லயே, ரத்தம் பாய விட்ட சில நிமிஷத்துல, யூரின் வர ஆரம்பிச்சுடும்.